அப்பாவோடு சேர்ந்து கிட் கார் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறோம். அப்பா இளவயதில் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். 2018 அக்டோபரில் நானும் அவரும் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பிரிக்க ஆரம்பித்தோம். அதன் இன்ஜினையும் அச்சுகளையும் புதுச் சட்டத்தில் (சேசிஸில்) பூட்டி, 2021 ஜூனில் சாலையில் ஓட்டினோம். அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் கோயிலிலும் ஒரே கேள்விகள். மகனோடு செய்ய நினைக்கும் அப்பாக்கள், அப்பாவோடு செய்ய நினைக்கும் மகள்கள் எல்லாரும் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். அரசு விதிகள், கட்டணம் எல்லாம் பிரிட்டனைப் பற்றியவை.

கிட் கார்னா என்ன? நிஜமாவே ரோட்டுல ஓடுமா, இல்ல காட்சிக்கு வைக்கிறதா?

நிஜமாகவே ஓடும். சட்டம், உடல் தகடுகள், விளக்குகள், பிராக்கெட்டுகள் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். நீங்கள் பூட்டி, அரசு சோதனையில் தேறி, நம்பர் வாங்கி ஓட்ட வேண்டும். சிலவற்றில் இன்ஜின் முதல் எல்லாமே புதிதாக வரும். மற்றவற்றில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றை ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் போட வேண்டும். அந்தப் பழைய காரை இங்கே டோனர் என்பார்கள்.

இந்தப் பழக்கம் பிரிட்டனில் ஊறியதற்கு ஒரு காரணம் வரி. 1957இல் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் செவன் என்ற சின்ன, எடை குறைந்த காரைக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால் பலர் வீட்டிலேயே பூட்டினார்கள். 1973இல் அந்த வரி போய் வாட் வந்தது; அது பாகங்களுக்கும் உண்டு. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் அந்தக் காரைக் கிட்டாக வாங்க முடிகிறது. வரிச் சலுகை போன பிறகும் ஐம்பது வருடமாக மக்கள் வாங்குகிறார்கள் என்றால், பணம் மட்டும் காரணமில்லை என்று தெரிகிறதல்லவா?

எவ்வளவு செலவாகும்? எத்தனை நாள் ஆகும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

எல்லாம் புதிதாக வரும் கேட்டர்ஹாம் வகைக் கிட் இருபத்தைந்தாயிரம் பவுண்டுக்கு மேல். எங்களுக்கு மொத்தம் 7,800 பவுண்டு ஆனது. டோனர் கார் 900 பவுண்டு. சட்டமும் உடலும் அடங்கிய கிட்தான் பெரிய செலவு. பலர் மறந்துவிடுவது சின்னச் சாமான்களை: டயர், பிரேக் குழாய், புது போல்ட் நட்டு, திரவங்கள், கருவிகள். நாங்கள் இவற்றுக்கு என்று 600 பவுண்டு ஒதுக்கினோம், 1,900 ஆனது. டோனரில் மிச்சமான இருக்கை, கதவு, கண்ணாடி ஆகியவற்றை விற்றதில் 700 பவுண்டு திரும்பி வந்தது.

சுவரில் தொங்கிய நோட்டில் மணிக்கணக்கு எழுதினோம். 430 மணி நேரம். சனிக்கிழமை மதியங்களாகக் கணக்குப் போட்டால் இரண்டரை வருடம் ஏன் ஆனது என்று புரியும். எல்லாம் புதிதாக வரும் கிட் இதில் சிறு பங்கு நேரத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் துரு சுரண்டும் வேலை இல்லை. ஆனால் அப்பாவோடு செய்வதாக இருந்தால், துரு சுரண்டும் நேரம் வீண் நேரம் இல்லை என்றுதான் சொல்வேன். பேச்சு நடந்ததெல்லாம் அப்போதுதான்.

எங்க ரெண்டு பேருக்கும் மெக்கானிக் வேலை தெரியாது. எங்களால முடியுமா?

முடியும், ஆனால் நேராகக் கிட் வாங்கிவிடாதீர்கள். முதலில் வீட்டுக் காரில் ஒரு சர்வீஸ் செய்து பாருங்கள்: எண்ணெய் மாற்றுவது, சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இருவருக்கும் பிடித்திருந்ததா, யார் பொறுமையாக இருந்தார், யார் முதலில் அலுத்துக்கொண்டார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நல்ல சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து பூட்டும் ஸ்பேனர்), ஜாக்கி, நான்கு ஆக்சில் ஸ்டாண்டு (தூக்கிய காரைத் தாங்கும் கால்கள்), ரிவெட் கன், அரம், உப்புத்தாள். இவை இருந்தால் நூற்றில் தொண்ணூறு பங்கு வேலை நடக்கும். இன்ஜின் தூக்கும் கிரேனை வாடகைக்கு எடுக்கலாம். வெல்டிங் தெரிய வேண்டியதில்லை. சட்டம் வெல்ட் செய்யப்பட்டே வரும்.

கராஜ் ரொம்ப சின்னது. காரும் உள்ள, நாங்களும் உள்ள எப்படி?

எங்களுடையதும் ஒற்றைக் கராஜ்தான், பதினாறுக்கு எட்டு அடி. செவன் மாதிரிக் காரின் அகலம் ஏறக்குறைய 1.58 மீட்டர், நீளம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். பக்கவாட்டில் ஒரு ஆள் நிற்கலாம். சிக்கல் டோனரும் புதுச் சட்டமும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் வாரங்களில்தான். அதனால் டோனரைப் பிரித்து முடித்து, வெற்று உடலை ஓரங்கட்டிய பிறகு கிட்டை வரவழையுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒரு டப்பா முறுக்கோடு போய்ச் சொன்னோம்.

முதல்ல எதை வாங்கணும், கிட்டா பழைய காரா?

முதலில் இரண்டையும் வாங்காமல் ஒரு கண்காட்சிக்குப் போங்கள். 2018 மே மாதம் ஸ்டோன்லியில் நடந்த கிட் கார் கண்காட்சிக்குப் போனோம். அப்பா உட்கார்ந்து பார்த்த ஏழு காரில் மூன்றிலிருந்து கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அந்த மூன்றும் பட்டியலிலிருந்து போயின. கேட்டலாக்கில் இது தெரியாது.

அப்புறம் டோனர். எம்எக்ஸ்-5 நல்லது, ஏனென்றால் பின்சக்கர இழுவை, எளிய இன்ஜின், பாகங்கள் எங்கும் கிடைக்கும். கதவுக்கு அடியில் துரு பிடித்து எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தோற்ற கார் மலிவாகக் கிடைக்கும். உடலைத்தான் எப்படியும் விட்டுவிடப் போகிறோமே. ஆனால் ஓடும் நிலையில் வாங்குங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, கியர் சத்தம் போடுகிறதா, இன்ஜின் சூடாகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு இதையெல்லாம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

லாக் புக் எனப்படும் வி5சி பதிவுச் சான்று இல்லாத காரை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. உங்கள் காருக்கு நம்பர் கிடைக்கும்வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள். காரணம் நம்பர் பிளேட் கேள்வியில் இருக்கிறது.

பிரிக்கிறது சுலபம்தானே? அதை ஏன் இவ்வளவு பெரிசா சொல்றீங்க?

பிரிப்பதில் தான் இருவரும் கார் கற்றுக்கொள்வீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளைச் சின்னப் பையில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். ‘முன் இடது கீழ்க்கை, பின்பக்க போல்ட், வாஷர் 2’ என்ற அளவுக்கு. அப்பா தமிழில் எழுதினார், நான் ஆங்கிலத்தில். இரண்டு வருடம் கழித்து அவர் எழுதிய பைகள்தான் தெளிவாக இருந்தன.

வயரிங்கை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். கனெக்டர் கனெக்டராகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் துணிப் பட்டை ஒட்டி எழுதுங்கள். இதில் ஒரு மாலை கூடுதலாகச் செலவழித்தால் பின்னால் ஒரு மாதம் மிச்சம்.

என் பையனுக்கு 15 வயசு. அவனுக்கு என்ன வேலை குடுக்கலாம்?

டார்ச் லைட் பிடிக்கிற வேலை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை முழுதாக அவனிடம் ஒப்படையுங்கள்: டாஷ்போர்டு, அல்லது பின் பிரேக் முழுவதும். காலிப்பரை (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பாகத்தை) பிரித்து, சுத்தம் செய்து, புது சீல் போட்டு அவனே பூட்டட்டும். நீங்கள் கடைசியில் சரிபார்த்தால் போதும். பெட்ரோல் குழாய் வேலையில் மட்டும் நீங்கள் உடன் இருங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில: ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது, ஆக்சில் ஸ்டாண்டு கட்டாயம். துளை போடும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிரேக் எண்ணெய் பெயின்ட்டைத் தின்றுவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து. இங்கே 17 வயதில்தான் ஓட்ட முடியும், இளவயதினருக்கு இன்சூரன்ஸும் கடுமை. ‘முடித்தவுடன் உனக்குத்தான் சாவி’ என்று வாக்குக் கொடுக்கும் முன் விலை கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு 68 ஆகுது, முதுகு வலி வேற. அவரால முடியுமா?

குனிகிற வேலையைக் குறைத்து மேசை வேலையைக் கூட்டுங்கள். காலிப்பர், வயரிங், பெடல் பெட்டி, ரிவெட் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். காரை ஸ்டாண்டில் உயரமாக வைத்தால் சக்கரப் பக்க வேலைக்குக் குனியத் தேவையில்லை. இன்ஜினை ஒருபோதும் கையால் தூக்க விடாதீர்கள், அவர் ‘நான் அந்தக் காலத்துல’ என்று ஆரம்பித்தாலும். இரண்டு மணி நேரம் ஆனதும் நிறுத்துங்கள். அவர் நிறுத்தச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் ‘எனக்குப் பசிக்குதுப்பா’ என்று சொல்ல வேண்டும்.

அம்மாவோட செய்யலாமா? எங்க வீட்ல அவங்களுக்குத்தான் இதுல ஆர்வம்.

தாராளமாக. மேலே அப்பா என்று எழுதிய இடத்திலெல்லாம் அம்மா என்று படித்துக்கொள்ளுங்கள்.

சண்டை வராதா?

வரும். எங்களுக்கு வந்த சண்டை ஒன்றுதான், பல வடிவத்தில்: கை சொல்வதா, புத்தகம் சொல்வதா. அப்பாவின் கை நாற்பது வருடப் பழக்கம். ‘கண்ணு, இறுக்கம் கைக்குத் தெரியும்’ என்பார். எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டுக்கு இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர் என்று நான் டார்க் ரெஞ்சோடு நிற்பேன். ஒருநாள் ஒரு எம்8 போல்ட்டின் தலை முறிந்து அவர் ஸ்பேனரோடு வந்துவிட்டது. இருவரும் பேசவில்லை. முறிந்த பாதியை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது, எடுத்தவர் அவர்தான். சரியாக நடுவில் புள்ளி குத்தி, சின்னத் துளை போட்டு, இடப்பக்கமாகத் திருகி, மரை கெடாமல். என்னால் அது ஆகியிருக்காது.

அன்று ஒரு வழக்கம் வைத்தோம். ஒருவர் பூட்ட வேண்டும், மற்றவர் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்து மஞ்சள் பெயின்ட் பேனாவால் போல்ட்டின் தலையிலிருந்து சட்டம்வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இல்லாத போல்ட் பூட்டாத போல்ட். யார் மறந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்றும் பார்த்தவுடன் தெரியும். நைலான் வைத்த நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள். புதுசு சில பென்ஸ்தான்.

நேர்மாறாக, இரண்டு பேர் இருந்தால்தான் நன்றாக நடக்கும் வேலையும் உண்டு. பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது அப்படி. இங்கே ஓட்டுநர் வலப்பக்கம் என்பதால் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கினோம். அப்பா பெடலில், நான் கீழே. ‘அமுக்குங்க.’ ‘அமுக்கிட்டேன்.’ சக்கரத்துப் பக்கம் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தால் குழாயில் குமிழ் குமிழாக எண்ணெய் வரும். மூடிவிட்டு ‘விடுங்க’ என்பேன். நான் மூடும் முன் அவர் கால் எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் இப்படியே. எனக்கு அவர் முகம் தெரியாது, அவருக்கு என் கை தெரியாது. குரலை மட்டும் கேட்டுச் செய்தோம். கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றபோது அவர் ஒன்றும் சொல்லாமல் ஹாரன் அடித்தார்.

ஐ.வி.ஏ. டெஸ்ட்னு பயமுறுத்துறாங்களே, அது என்ன?

தனியொரு வாகனத்தைச் சாலைக்கு ஏற்றதென்று ஒப்புக்கொள்ளும் சோதனை. கார்களுக்கு இதற்கு முன் இருந்த எஸ்.வி.ஏ. சோதனைக்குப் பதிலாக 2009இல் வந்தது. கிரேட் பிரிட்டனில் டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. நாங்கள் கட்டிய கட்டணம் 450 பவுண்டு, மறுசோதனைக்கு 90. கிட்டத்தட்ட அரை நாள் பிடிக்கும். பிரேக், விளக்கு, சீட் பெல்ட் பிடிமானம், கண்ணாடியில் தெரியும் பார்வை, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். சோதகர் எதைப் பார்ப்பார் என்ற கையேடு அரசின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டி முடித்தபின் படிக்காதீர்கள். முதல் போல்ட்டுக்கு முன் படியுங்கள்.

அதிகம் பேர் தோற்பது கூர்மையான விளிம்புகளில். வெளியே 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து ஒன்று தொடக்கூடிய இடத்தில் விளிம்பு வளைவின் ஆரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நடந்துபோகும் ஒருவர் மேல் உரசினால் கிழிக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். நானும் முதலில் இதைச் சடங்கு என்று நினைத்தேன். அப்பாவோ பட்டறைக்காரர். பிசிறு எடுக்காத தகட்டை மேசையில் வைக்கவே விடமாட்டார். ஒவ்வொரு விளிம்பிலும் கட்டைவிரலை மெல்ல ஓட்டுவார், நிற்கும் இடத்தில் அரம் போடுவார், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் மறுபடி விரல்.

அப்படியும் முதல் முறை தோற்றோம், இரண்டு காரணம். விளக்கு பிராக்கெட்டின் உள் விளிம்பு ஒன்று. விரல் போகாது, பந்து தொட்டது. இன்னொன்று ஸ்டியரிங். மெதுவாக வட்டமடித்துக் கையை விட்டால் சக்கரம் தானாக நேரை நோக்கித் திரும்ப வேண்டும். எடை குறைந்த கார்களில் இது சோம்பேறித்தனமாக இருக்கும். எம்எக்ஸ்-5இல் முன் சக்கரங்களைத் தாங்கும் கீழ்க்கைகளில் சாய்வைத் திருத்தும் கேம் போல்ட்டுகள் உண்டு. அவற்றில் காஸ்டர் கோணத்தை, அதாவது ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவைக் கூட்டினோம், ஸ்டியரிங் உயிர் பெற்றது. மூன்று வாரத்தில் தேறினோம். ஒருமுறை தோற்பது இதில் அவமானமே இல்லை. எங்களைச் சோதித்தவர் ஒவ்வொரு குறையையும் காட்டி, காரணமும் சொன்னார்.

நம்பர் இல்லாத காரை டெஸ்டுக்கு எப்படிக் கொண்டுபோறது?

முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். சேசிஸ் சட்டத்தில் பொறித்த எண்ணை வைத்து இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும்; கிட் கார் தெரிந்த இன்சூரன்ஸ்காரர்கள் தருவார்கள். முதல்முறை நாங்கள் டிரெய்லரில் போனோம். தெரு முனையைத் தாண்டாத காரை இருபது மைல் ஓட்ட மனம் வரவில்லை. அதுவே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

க்யூ பிளேட் வந்துடும்னு சொல்றாங்களே, அது கெட்டதா?

காரின் வயதை உறுதி செய்ய முடியாதபோது, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. தருவது க்யூவில் தொடங்கும் நம்பர். கார் கெட்டதென்று பொருளில்லை. ஆனால் சில இன்சூரன்ஸ்காரர்கள் தயங்குவார்கள், விற்கும்போது விலை குறையும். எல்லாம் புதிய பாகம் என்று ரசீதோடு காட்டினால் அந்த வருடத்துப் புது நம்பர். கிட் தயாரிக்கும் சிறப்பு நிறுவனத்தின் புதுச் சட்டமும், ஒரு டோனரிலிருந்து வந்த இரண்டு முக்கிய பாகங்களும் இருந்தால் டோனரின் வயதுக்கேற்ற நம்பர். எங்களுக்குக் கிடைத்தது அதுதான். லாக் புக்கைப் பற்றி மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். மூன்று வண்டிகளிலிருந்து பாகம் பொறுக்கிப் போட்டால் இந்த வழி அடைபடும்.

விண்ணப்பத்தோடு சோதனைச் சான்றிதழ், வி627/1 படிவம், ரசீதுகள், கட்டும்போது எடுத்த படங்கள் எல்லாம் போக வேண்டும். படங்களில் நீங்கள் இருவரும் இருப்பது நல்லது. தொழில்முறைக் கடையில் கட்டவில்லை, நீங்களே கட்டினீர்கள் என்பதற்கு அதுவும் சாட்சி.

நாங்க கோயம்புத்தூர்ல இருக்கோம். இங்க செய்ய முடியுமா?

சாலையில் ஓட்டுவதற்கென்றால் வேண்டாம் என்பேன். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி ஒரு மாதிரி வண்டி புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனத்தில் சோதனை தாண்ட வேண்டும். அது தயாரிப்பாளர்களுக்கான வழி; வீட்டில் ஒரே ஒரு கார் கட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் கட்டுப்படியாகாது. பதிவான வண்டியின் அமைப்பை மாற்றவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

ஆனால் உங்கள் ஊருக்கு வேறு பெருமை உண்டு. கார் பந்தய வீரர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்கள் செய்தது அங்கேதான். அவர் பெயரில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகிறார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வீட்டில் செய்ய வேண்டுமென்றால், தாத்தாவின் நின்றுபோன ஸ்கூட்டரையோ பழைய பத்மினி காரையோ அதே வடிவில் பிரித்துப் பூட்டலாம். மேலே சொன்ன பைகளும் மஞ்சள் பேனாவும் அதற்கும் பொருந்தும்.

பாதியில நின்னுட்டா?

நிற்கும். அப்பாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனபோது எட்டு மாதம் ஒரு போல்ட்டும் பூட்டவில்லை. நான் தனியாகச் செய்திருக்கலாம், செய்யவில்லை. காரை மூடி, இன்ஜின் துளைகளில் துணி அடைத்து, பிரேக் டிஸ்க்கில் மெல்ல எண்ணெய் தடவி வைத்தேன். வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு பாகத்தை வீட்டுக்குள் எடுத்துவந்து அவர் மடியில் செய்தித்தாள் விரித்துக் கொடுப்பேன், சுத்தம் செய்வார். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் அப்போது பளபளத்த மாதிரி கடையில் வாங்கியபோதுகூட இருந்திருக்காது.

மற்றவர் பாதியில் விட்ட கிட்டை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். விலை பாதிதான் இருக்கும். சட்டத்தின் ரசீது, டோனரின் லாக் புக், கையேடு மூன்றும் இருந்தால் பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் க்யூ கேள்வியை இன்னொரு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் பூட்டிய போல்ட் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டுங்கள்.

கார் யார் பேர்ல? முதல்ல யார் ஓட்டினது?

லாக் புக்கில் வருவது பதிவுப் பொறுப்பாளரின் பெயர். சட்டப்படி அது உரிமைச் சான்று இல்லை. பணம் போட்டவர் பலர் என்றால் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக உடன்பிறந்தவர்கள் இருந்தால். எங்களுடையது அப்பா பெயரில்.

முதலில் ஓட்டியதும் அவர்தான், மறுசோதனை முடிந்து திரும்பும்போது. நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் டாஷ்போர்டின் விளிம்பில் போய்வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கியதும் ‘இந்த மூலையில இன்னும் கொஞ்சம் அரம் போடணும்’ என்றார். அடுத்த சனிக்கிழமை போட்டோம்.